பழைய பைக்குக்கு தேர்ட் பார்ட்டி போதும் என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பைக் வாங்கும்போது மைலேஜ், சர்வீஸ் செலவு, மறுவிற்பனை விலை என்று எல்லாவற்றையும் பத்து பேரிடம் விசாரிக்கிறோம். இன்சூரன்ஸ் என்று வந்ததும் போலீஸ் மறித்தால் காட்ட ஒரு பேப்பர் இருந்தால் சரி என்று முடித்துவிடுகிறோம். அதுவும் ஐந்து வருடம் தாண்டிய வண்டி என்றால் ஏஜென்டே முந்திக்கொண்டு, "பழைய வண்டிதானே சார், தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுடலாம்" என்கிறார். நாமும் தலையாட்டிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தேர்ட் பார்ட்டி பாலிசி என்பது நம் வண்டியால் ரோட்டில் போகிற அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் அவருக்கு இழப்பீடு கொடுக்க. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம், இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாத விஷயம், நம் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் அந்த "அடுத்தவர்" கணக்கில் வரமாட்டார் என்பது. மனைவியோ, அம்மாவோ, லிஃப்ட் கேட்டு ஏறிய பக்கத்து வீட்டுப் பையனோ, யாராக இருந்தாலும் சரி. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் பின்சீட்டில் வருபவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு கம்பெனிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2006லும் 2008லும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வண்டிக்கு ஃபுல் பாலிசி, அதாவது நம் வண்டியின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பாலிசி இருந்தால், அதே நபருக்குக் கவர் உண்டு. இதை 2009ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை போட்டே தெளிவுபடுத்தியது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இதை அனுபவித்தார். திண்டிவனம் பக்கம் ராத்திரி வரும்போது மாடு குறுக்கே வந்து வண்டி சாய்ந்தது, அவருக்குச் சிராய்ப்பு, பின்னால் இருந்த மனைவிக்குத் தலையில் அடி. பாலிசி நடப்பில்தான் இருந்தது, ஒரு நாள்கூட விடாமல் புதுப்பித்த மனிதர் அவர். ஆனால் அது தேர்ட் பார்ட்டி மட்டும் என்பதால் ஆஸ்பத்திரி செலவு முழுக்க அவர் தலையில் விழுந்தது, பார்த்த வக்கீலும் கையை விரித்துவிட்டார்.

இத்தனைக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 75 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு தேர்ட் பார்ட்டி கட்டணம் 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 714 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. சொந்த சேதத்துக்கான பிரீமியம் வண்டியின் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை வைத்துக் கணக்கிடுவது, பழைய வண்டிக்கு மதிப்பே குறைவு என்பதால் அந்தப் பகுதிக்குச் சில நூறு ரூபாய்தான் கூடுதலாக வரும். "இருபதாயிரம் ரூபாய் வண்டிக்கு எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்?" என்று கேட்கிறவர்கள் வண்டியைப் பார்க்கிறார்கள், பின்சீட்டைப் பார்ப்பதில்லை. ரொம்பப் பழைய வண்டி என்றாலோ, நடுவில் பாலிசி விட்டுப்போயிருந்தாலோ சில கம்பெனிகள் தயங்கும், வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்பார்கள். காட்டிவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஓட்டுகிறவருக்கான விபத்துக் காப்பீடு. டூவீலருக்கு முன்பு 1 லட்சமாக இருந்ததை, சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2018 செப்டம்பரில் 15 லட்சமாக உயர்த்தினார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அது ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்கு மட்டும், அவருக்கு லைசென்ஸும் இருக்க வேண்டும். நம் வீடுகளில் ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன். சில வீட்டில் லைசென்ஸே எடுக்காத மனைவி பெயரில் ஸ்கூட்டர் இருக்கும். இந்த இரண்டு வீட்டிலும் ஓட்டுகிறவருக்கு இந்த 15 லட்சம் கிடைக்காது. மகனுக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுப்பதோ, ஆர்.சி.யையே அவர் பெயருக்கு மாற்றுவதோதான் வழி.

புது வண்டி வாங்கியவர்களுக்கும் ஒன்று. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருட இன்சூரன்ஸ் என்று ஷோரூமில் சொல்கிறார்களே, அந்த ஐந்து வருடம் தேர்ட் பார்ட்டிக்கு மட்டும். வண்டி திருடு போனாலோ அடிபட்டாலோ பணம் வருகிற பகுதி பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். 15 லட்சம் கவரும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். பாலிசி தாளை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் முடிவு தேதி தனித்தனியாக அச்சிட்டிருக்கும். அதைச் சொல்லித் தருகிற ஷோரூம் மிகக் குறைவு.

மற்ற கூடுதல் கவர்களில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. ஸ்கூட்டரில் பிளாஸ்டிக் பாகங்கள் அதிகம், சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக்குக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள், ஆகவே புது ஸ்கூட்டருக்கு அப்படிக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் கவர் எடுக்கலாம். 2015லும் 2023லும் சென்னையில் தண்ணீர் தேங்கியதைப் பார்த்தவர்கள் தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் பணம் தரும் இன்ஜின் புரொடெக்ட் வேண்டுமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் பிரீமியம் குறைய வேண்டும் என்று ஐ.டி.வி.யை இறக்கிப் போடாதீர்கள், வண்டி திருடு போனால் அந்தத் தொகைதான் அதிகபட்சம்.

உங்கள் இதழில் புது பைக்குகளைப் பற்றி எழுதும்போது பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம் போட்டு, எந்த பாலிசியில் ஓட்டுகிறவருக்கு என்ன, பின்னால் இருப்பவருக்கு என்ன என்பதைத் தமிழில் அச்சிடுங்கள். காப்பீட்டு ஆணையமும் தேர்ட் பார்ட்டி பாலிசியின் முதல் பக்கத்தில், பின்சீட்டில் வருபவருக்கு இதில் கவர் இல்லை என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லி உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விழுப்புரம்