நண்பகல் மூச்சுப் பயிற்சி: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை முதல் 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதிய உணவு மணிக்கு முன் ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி நடக்கும். காலை இறைவணக்கத்தோடு சேர்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பல பிள்ளைகள் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். வயிறு நிறைந்திருந்தால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் தாராளமாகக் கீழிறங்க முடியாது. விடுமுறை நாட்களில் வீட்டில் செய்யும்போதும் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பல் துலக்கியதும், பால் குடிப்பதற்கு முன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பதைவிட இது நிலைக்கும்.

சம்மணமிட்டோ நாற்காலியிலோ முதுகை விறைக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு கை நெஞ்சில், மறு கை தொப்புளுக்கு மேல். வாயை மூடி, மூக்கு வழியாக மூன்று எண்ணும்வரை உள்ளே, நான்கு எண்ணும்வரை வெளியே. முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும். சிரமம் இல்லையென்றால் பிறகு நான்கு உள்ளே, ஆறு வெளியே. ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். இந்த வயதில் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 20 மூச்சு ஓடும் என்பதால், பிள்ளையை இதற்கு அவசரப்படுத்தக் கூடாது. கண்ணை மூடப் பிடிக்காத பிள்ளை திறந்தே வைத்திருக்கட்டும்.

நாம் பெரியவர்கள் செய்யும் தவறு, “நல்லா இழுத்து மூச்சு விடு” என்று சொல்வது. சொன்னவுடன் பிள்ளை தோளைத் தூக்கும், நெஞ்சை விரிக்கும், வயிற்றை உள்ளே இழுக்கும். மேல் கை எழும்பிக் கீழ்க் கை அசையாமல் இருந்தால் அதுதான் நடக்கிறது என்று பொருள். “மெதுவாக விடு” என்று மட்டும் சொல்லுங்கள். முழுதாக வெளியே விட்டால் அடுத்த மூச்சு தானாக உள்ளே வரும்.

பெரிது பெரிதாக இழுத்தால் ஆக்சிஜன் கூடிவிடாது. ஆரோக்கியமான பிள்ளையின் ரத்தம் சாதாரண மூச்சிலேயே ஏறக்குறைய முழு அளவு ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. குறைந்துபோவது கார்பன் டை ஆக்சைடு. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். அப்படியானால் பயிற்சியை நிறுத்தி, சாதாரணமாக மூச்சுவிடச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

வெளிமூச்சை நீளமாக வைப்பதற்குக் காரணம் இதயம். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும். விடும்போது, இதயத் துடிப்பை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடி மெதுவாகும். பிள்ளைகளிடம் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகவே தெரியும். மணிக்கட்டில் நாடி பார்த்தால் மூச்சோடு சேர்ந்து கூடிக் குறைவது விரலுக்குத் தட்டும், அது இயல்புதான். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூச்சை அடக்குவது, வேகமாகவும் பலமாகவும் மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா ஆகியவை பள்ளியில் கிடையாது. காணொளி பார்த்து வீட்டிலும் சொல்லித்தர வேண்டாம். சளியால் மூக்கு அடைத்திருக்கும் நாளில் விட்டுவிடலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை இது இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். வீசிங் இருக்கும் நாளில் பயிற்சியும் வேண்டாம்.

இதனால் மதிப்பெண் ஏறும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் தோளும் தாடையும் தளரும், படபடப்பு சற்று அடங்கும். பழகிவிட்டால், கேள்வித்தாளை வாங்கியதும் கை நடுங்கும் பிள்ளைக்கு நான்கைந்து நீண்ட வெளிமூச்சு கைகொடுக்கும். பழக்கமில்லாமல் அன்றைக்கு மட்டும் செய்து பார்த்தால் எண்ணுவதே இன்னொரு பதற்றமாகிவிடும்.

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவற்றில் எது இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். அந்தப் பிள்ளைகள் மருத்துவர் சம்மதித்த பிறகு சேரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்