எதிரே நின்றவர் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மூன்று வேடப் படத்தின் விமர்சனத்தைப் படித்தேன். படத்தையும் பார்த்துவிட்டேன். அப்பா, இரண்டு மகன்கள் என்று மூன்று பேரையும் நாயகன் பிரித்துக் காட்டிய விதத்தை உங்கள் விமர்சகர் மனம்விட்டுப் பாராட்டியிருக்கிறார். எனக்கும் அது பிடித்தது. ஆனால் இடைவேளைக்கு முன் அண்ணனும் தம்பியும் மோதிக்கொள்ளும் சண்டைக்கு ஒரு பத்தியையே ஒதுக்கியவர், அங்கே நாயகனோடு மோதிய இன்னொரு மனிதரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நாயகன் ஒருவர்தானே? அவர் விட்ட அடியை வாங்கியது யார்?

நான் முப்பது வருடத்துக்கு மேல் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவன். 1982-ல் ரஜினியின் ‘மூன்று முகம்’ எங்கள் அரங்கில் ஓடியபோது, தினமும் நான்கு காட்சிகளும் கேபின் ஓட்டை வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை முறை பார்த்தால் கண் கதையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தேட ஆரம்பித்துவிடும். ஒரே முகம் இரண்டு பேராக நிற்கும் காட்சி என்றால், நடுவில் தூணோ கதவு நிலையோ இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இருந்தால் அது மாஸ்க் ஷாட்டாக இருக்கும்.

இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது. கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, லென்ஸின் ஒரு பாதியை மறைத்து முதல் வேடத்தை எடுப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, எடுத்த பாதியை மூடி, நடிகர் வேடம் மாற்றிக்கொண்டு வந்ததும் அடுத்ததை எடுப்பார்கள். இடையில் கேமரா மயிரிழை நகர்ந்தாலும், வெளிச்சம் மாறினாலும் நடுவில் கோடு தெரியும். நடிகர் வெறும் காற்றைப் பார்த்துப் பேச வேண்டும். எதிராளி எவ்வளவு நேரம் பேசுவான், எப்போது நிறுத்துவான் என்பதை மனதுக்குள்ளேயே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பி.யு.சின்னப்பா 1940-லேயே ‘உத்தம புத்திர’னில் இரட்டை வேடம் போட்டுவிட்டார். ‘தெய்வ மகன்’ 1969-ல் வந்தது. அதில் சிவாஜிக்கு மூன்று வேடம், அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் ஒரே மாதிரி தழும்பு விழுந்த முகம். அப்படியிருந்தும் ஒரே அறையில் நிற்கும்போது நமக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. நிற்கிற நிலை, தலை குனிகிற விதம், குரலை விழுங்குகிற இடம், எல்லாமே வேறு. அந்த நடிப்பை நான் துளியும் குறைத்துச் சொல்லவில்லை. இன்று பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆனால் சண்டைக்கு மாஸ்க் உதவாது. இரண்டு உடம்பு கட்டிப் புரளும்போது கோடு எங்கே போடுவது? அங்கேதான் டூப் வருகிறார். நாயகனின் உயரம், தோள் அகலம், அதே சட்டை, அதே விக். நாயகன் முகம் தெரியும் ஷாட்டில் இவர் முதுகைக் காட்டி நிற்பார். அடுத்த ஷாட்டுக்கு நாயகன் இந்தப் பக்கம் வந்து இவருடைய சட்டையின் ஜோடியைப் போட்டுக்கொள்ள, இவர் அந்தப் பக்கம் போய் அவராக மாறுவார். ஒரு சண்டையிலேயே அண்ணன், தம்பி இரண்டு பேராகவும் இருப்பவர் இவரும்தான். அடி விழும்போது முகம் தானாகத் திரும்பும், அது மனித இயல்பு. திரும்பினால் ஷாட் வீண். அதனால் அடியை வாங்கிக்கொண்டே முகத்தை ஒளிக்க வேண்டும்.

ஒருமுறை இரவுக் காட்சி முடிந்து ஒருவர் மனைவி, மகளோடு கேபின் படியேறி வந்தார். ஃபைட்டராக இருப்பதாகச் சொன்னார். படத்தில் ஓர் இடத்தில் நாயகனுக்கு எதிரே நிற்கும் முதுகு தன்னுடையது என்றும், மகளிடம் சொன்னால் நம்பவில்லை என்றும் சொன்னார். அந்த ரீல் முன்பே அங்கே அறுந்து, நான் வெட்டி ஒட்டியிருந்தேன். வெட்டிய துண்டு டப்பாவில் கிடந்தது. எடுத்து விளக்கில் காட்டினேன். அந்தப் பெண் அப்பாவின் கழுத்தின் பின்புறம் இருந்த மச்சத்தையும் பிலிமையும் மாறி மாறிப் பார்த்தாள். துண்டை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. டூப் முகத்தை ஒளிக்கக்கூட வேண்டியதில்லை. நேராகப் பார்த்து நடிக்கலாம், பிறகு கம்ப்யூட்டரில் அவர் முகத்தை எடுத்துவிட்டு நாயகனின் முகத்தைப் பொருத்திவிடுகிறார்கள். அப்படியானால் அந்த உடம்பின் கோபமும் தடுமாற்றமும் யாருடைய நடிப்பு? பாராட்டு எழுதும்போது இதை யோசிக்க வேண்டாமா?

சண்டை அமைப்புக்குத் தேசிய விருது என்று ஒன்று வந்ததே 2016-ம் ஆண்டுப் படங்களுக்கு விருது கொடுத்தபோதுதான். ஆஸ்கரிலும் 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்துதான் தொடங்கப்போகிறார்கள். சரி, தாமதமானாலும் மாஸ்டர்களுக்கு மரியாதை வருகிறது, சந்தோஷம். மாஸ்டர் சொன்னபடி விழுந்தவருக்கு? நான் ஓட்டிய படங்களின் டைட்டிலில் சாப்பாடு போட்டவர் பெயர் வரும், வர வேண்டியதுதான். இந்த வேடத்துக்கு எதிரே நின்றவர் இவர் என்று ஒரு பெயரை நான் பார்த்ததில்லை. தயாரிப்பாளர்கள் ஒரே ஒரு கார்டு போட்டால் போதும், கூடுதல் செலவும் கிடையாது.

அதற்கு முன் உங்கள் இதழே ஆரம்பித்து வைக்கலாம். அந்த இடைவேளைச் சண்டையில் தம்பியாகவும் அண்ணனாகவும் மாறி மாறி நின்றவர் யார் என்று உங்கள் நிருபர் ஃபைட் மாஸ்டரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரையும் புகைப்படத்தையும் அடுத்த இதழில் போடுங்கள். முகம் தெரிகிற புகைப்படமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்கு ஆபரேட்டர் ஒருவர்,
திண்டுக்கல்.