பள்ளிக் கேட்டைக் கொஞ்ச நேரம் திறந்து வைங்க, ஹாஜியார்

எங்கள் மஹல்லா நிர்வாக சபைக்கு (கொழும்பிலுள்ள மற்றப் பள்ளிவாசல் நிர்வாகிகளும் வாசிக்கலாம்),

அஸ்ஸலாமு அலைக்கும்.

இஷா முடிந்து கால் மணித்தியாலத்தில் ஃபேன் நிற்கும், லைட் அணையும், முஅத்தின் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வருவார். படிக்கட்டில் பேசிக்கொண்டிருக்கிற பொடியன்மார் எழும்பிப் போய்விடுவார்கள். எங்கே போகிறார்கள்? ஃபோனுக்குள்தான், தீவிரவாதத்துக்கு ஆள் பிடிக்கிறவன் காத்திருக்கிற இடத்துக்கு.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, பொடியன்மார் ஏன் அப்படிப் போனார்கள் என்றால், எல்லாக் கூட்டத்திலும் வறுமை, படிப்பில்லை என்றே பேசினோம். தெமட்டகொடை வாசனைத் திரவிய வியாபாரியின் இரண்டு மகன்மார் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட் ஹோட்டல்களில் குண்டை வெடிக்க வைத்தார்களே, அவர்களுக்கு எதில் குறை? சரி, அந்தக் கூட்டத்தின் தலைவன் சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி ஆட்களே முன்கூட்டி முறைப்பாடு கொடுத்திருந்தார்கள், அதனால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் என்று நான் சொல்லமாட்டேன்.

என் சாச்சி மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனயில் நடந்த கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்த வீடியோவை விடிய விடியப் பார்த்தவன், ஜும்ஆ முடிந்ததும் பள்ளி இமாம் ஹஸ்ரத்திடம் போய் "இதுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற நிர்வாகி ஒருத்தர் எல்லாருக்கும் முன்னால் ஏசி அனுப்பினார் (பெயர் வேண்டாம், அவருக்கே ஞாபகமிருக்கும்). அப்புறம் டெலிகிராமில் ஒருவன் கிடைத்தான். முதல் மாதம் முழுக்க மார்க்கமே பேசவில்லையாம், "சாப்பிட்டீங்களா தம்பி, எக்ஸாம் எப்படி?" இவ்வளவுதான். கொஞ்ச நாளில் இவன் மாமி மகள் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றான், வாப்பாவுக்குப் பின்னால் நின்று தொழமாட்டேன் என்றான்.

வாதாடி வெல்லப்போன மௌலவிமார் தோற்றுத் திரும்பினார்கள். கடைசியில் பின்வீட்டு த்ரீவீல் நானாதான் தினமும் சுபஹுக்குப் பிறகு பிளேன்டீ குடிக்கக் கூட்டிப்போனார். திகனயில் அவருடைய மச்சானின் கடையும் எரிந்தது, அதனால் பொடியனின் கோபத்தை அவர் ஒருநாளும் பிழை என்று சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். பொடியன் திரும்பி வர ஏழெட்டு மாதம் எடுத்தது.

2021இல் அரசாங்கம் இப்படித் தீவிரவாத எண்ணம் பிடித்தவர்களைப் பிடித்துப் புனர்வாழ்வுக்கு அனுப்ப வர்த்தமானி போட்டது, உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. மகனைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றால் எந்த உம்மா வாயைத் திறப்பா?

ஆகவே இரவு பத்து மணி வரை கேட்டைப் பூட்டாதீங்க. கேள்வி கேட்டால் ஏசாத ஒருத்தரை அங்கே இருக்கச் சொல்லுங்க, கேரம் போர்டும் ஒன்று வைங்க. கரண்ட் பில் கூடினால் எங்கள் தெருவில் சேர்த்து நான் கொண்டுவந்து தருகிறேன். அந்தப் பொடியனும் சேர்த்துத் தர வருவான், முதலே சொல்லிவிட்டேன்.