நோய்த் தகவலை டாக்டர் தட்டச்சு செய்ய வேண்டாம், கணினியே அனுப்பட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்காவது தட்டம்மையோ காலராவோ பரவிவிட்டால் உடனே கிளம்பும் கேள்வி, சிகிச்சை கொடுத்த டாக்டர்கள் ஏன் சுகாதாரத் துறைக்குச் சொல்லவில்லை என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் எப்படிச் சொல்ல வைத்திருக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. சிறிய கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராக அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

நோயாளியின் பெயர், வயது, முகவரி, காய்ச்சல் தொடங்கிய நாள் எல்லாம் கிளினிக் கணினியில் இருக்கின்றன, பரிசோதனை முடிவு ஆய்வகத்தின் கணினியில் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், கூட்டம் ஓய்ந்த பிறகு ஒருவர் உட்கார்ந்து, துறையின் இணையதளத்தைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, அதே பெயரையும் அதே முகவரியையும் மறுபடி தட்டச்சு செய்கிறார். நடுவில் இணைப்பு போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காகிதப் படிவம் திரைக்கு வந்திருக்கிறது, வேலை குறையவில்லை. ஜப்பானில் இதுதான் நடந்தது. 2020இல் கையால் எழுதி ஃபேக்ஸ் அனுப்பிய கொரோனா அறிக்கைகளுக்குப் பதிலாக இணையவழி முறை கொண்டுவந்தார்கள், அதில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் ஏறத்தாழ 120. டாக்டர்கள் திணறிப்போனார்கள், பிறகு கட்டங்களைக் குறைக்க வேண்டியதாயிற்று.

நான் கேட்பது வேறு. டாக்டர் நோயைப் பதிவு செய்ததும், அல்லது ஆய்வக முடிவு வந்ததும், அது அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறதா என்று மென்பொருளே பார்த்து, தேவையான விவரத்தை மட்டும் எடுத்து, சுகாதாரத் துறைக்குத் தானாக அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் கொரோனா காலத்தில் வேகமாகப் பரவிய முறை இது. ஆய்வக அளவில் இன்னும் பழையது: ஹவாயில் 1998இல் மூன்று பெரிய ஆய்வகங்களின் முடிவுகளைத் தானாக அனுப்பிப் பார்த்தபோது, வழக்கமான முறையைவிட 2.3 மடங்கு அறிக்கைகள் வந்தன, அதுவும் சராசரியாக 3.8 நாள் முன்னதாக. அந்த நாள் கணக்கைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. தட்டம்மை நோயாளியோடு இருந்த குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. தகவலே நாலாவது நாள் போய்ச் சேர்ந்தால் அந்தக் குழந்தைக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

சரி, ஆய்வகமே அனுப்பிவிடட்டும், டாக்டர் எதற்கு என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. டைஃபாய்டு கிருமி இருக்கிறது என்பது ஆய்வகத்துக்குத் தெரியும், அந்த நோயாளி விடுதியில் சமைப்பவர் என்பது டாக்டருக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் களப்பணியாளர் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் பரிசோதனை செய்துகொண்டால் இரண்டு நோயாளியாகக் கணக்கில் ஏறாமலும் பார்க்க வேண்டும்.

தானாகப் போகிறதே என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா முடிவுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. ஆய்வகங்கள் சரியாகத்தான் அனுப்பின, வாங்கிய இடத்தில் பழைய எக்செல் வடிவக் கோப்பு அத்தனை வரிசைகளைத் தாங்கவில்லை. தொற்றியவர்களுக்கு முடிவு போய்விட்டது, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் நாள்கணக்கில் தள்ளிப்போனது. அதனால் அனுப்பியது வந்து சேர்ந்ததா என்ற பதில் அந்தந்த கிளினிக்குக்குத் திரும்பி வர வேண்டும். இப்போது பதிலே வருவதில்லை, கிணற்றில் போட்ட கல் மாதிரி. அறிக்கை அனுப்பும் ஆர்வம் செத்துப்போவதற்கு இதுவும் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அப்புறம் அந்தரங்கம். எச்ஐவி, காசநோய் போன்றவற்றில் பெயர் வெளியே கசிந்தால் அந்த மனிதரின் வேலையும் வீடும் போகலாம். யார் திறந்து பார்த்தார்கள் என்ற பதிவு துறையிலும் இருக்க வேண்டும், எந்த விவரம் போகிறது என்பது நோயாளிக்கும் தெரிய வேண்டும்.

மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வடிவத்தில் தகவலை வைத்திருப்பதுதான் இப்போதைய முட்டுக்கட்டை. ஒரே பொது வடிவத்தில் அனுப்பும் வசதி இல்லாத மருத்துவ மென்பொருளை விற்க அனுமதிக்கக் கூடாது என்று அரசுகள் விதி போட வேண்டும், சிறிய கிளினிக்குகளுக்கு அந்த இணைப்பை இலவசமாகக் கொடுக்க வேண்டும். அது வரும்வரை காலரா, மூளைக்காய்ச்சல் மாதிரி அவசரமானவற்றுக்கு, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணாவது எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவர்