சின்சினாட்டியின் வெறுங்கை ஆட்டக்காரர்

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். "கிரிக்கெட்டில் வெறுங்கையால்தானே பிடிக்கிறோம், பேஸ்பாலுக்கு மட்டும் எதுக்குக் கிளவுஸ்?" என்று பேரனிடம் நீ கேட்டதாக மருமகள் சொன்னாள். நீ குடியிருக்கும் அதே சின்சினாட்டியில், கிளவுஸ் வேண்டாமென்று 14 வருஷம் பிடிவாதமாக ஆடிய ஒருவர் இருந்தார். பிட் மெக்ஃபீ என்று பெயர். அவர் கதையை முழுசாகத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்.

1859-ல் நியூயார்க் மாநிலத்தில் மசீனா என்ற ஊரில் பிறந்தவர். 1882-ல் சின்சினாட்டி அணிக்கு செகண்ட் பேஸ், அதாவது ஓடுகிறவர் தொட வேண்டிய முனைகளில் இரண்டாவதைக் காக்கும் ஆட்டக்காரராக வந்தார். அந்த வருஷமே அணி பட்டம் வென்றது. 1899 வரை 18 சீசனும் அங்கேதான். 1886-ல் மட்டும் 529 பேரை அவுட் ஆக்கியதாக அவர் கணக்கில் இருக்கிறது. செகண்ட் பேஸில் அந்த எண்ணை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அத்தனையும் வெறுங்கையால்.

அவர் ஆட வந்தபோது கிளவுஸ் என்பது விரல் நுனி வெட்டிய மெல்லிய தோலுறைதான். அதையும் பெரும்பாலும் கேட்ச்சரும் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) முதல் முனையைக் காக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்காரரும்தான் போட்டார்கள். பிறகு பஞ்சு வைத்துத் தைத்தது வந்தது, ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். அளவு பெருத்துப் போய், 1895-ல் அந்த இரண்டு இடம் தவிர மற்றவர்களுக்கு 10 அவுன்ஸ் (சுமார் 283 கிராம்) எடைக்கு மேல் கூடாது என்று விதியே போட்டார்கள். மெக்ஃபீ அப்போதும் மாட்டவில்லை. சீசன் தொடங்கும்முன் உப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்து உள்ளங்கைத் தோலைக் கெட்டிப்படுத்துவார். ஆரம்ப நாட்களில் வலிக்கும், பிறகு பழகிவிடும் என்பது அவர் கட்சி.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் ஒரே பந்தை முடிந்தவரை ஆட்டம் முழுக்க ஓட்டுவார்கள். அடி வாங்கி வாங்கி அது தளர்ந்துபோகும், வெறுங்கைக்குக் கொஞ்சம் இலகு. இன்று கொஞ்சம் தேய்ந்தாலே புதுப்பந்து. எடை என்று பார்த்தால் பேஸ்பால் 142–149 கிராம், நம் கிரிக்கெட் பந்து 156–163 கிராம். ஆக எடை பிரச்சினை இல்லை, தூரம்தான். பந்தை அடிக்கிறவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸ் 38.8 மீட்டர்தான். தரையில் உரசி வரும் அடி கடைசி நேரத்தில் துள்ளும், பிடித்த கையோடு எறியவும் வேண்டும். அங்கேதான் விரல் மாட்டும்.

உப்புத் தண்ணீர் தோலைத்தான் காக்கும், விரல் மூட்டுகளை அல்ல. பந்து நேராக விரல் நுனியில் பட்டால் நுனி மூட்டை நிமிர்த்தும் தசைநாண் அறுந்து விரல் கீழே தொங்கிவிடும். ஆறு முதல் எட்டு வாரம் பட்டை கட்டி, ஒரு தடவைகூட மடக்காமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் மடங்கினால் நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

மெக்ஃபீயும் 1896-ல் விரலில் அடிபட்டுத்தான் கிளவுஸ் மாட்டினார். அந்த சீசனில் அவர் ஃபீல்டிங் சராசரி, அதாவது கைக்கு வந்த வாய்ப்புகளில் தவறில்லாமல் முடித்த பங்கு, .978. செகண்ட் பேஸில் அதற்குமுன் யாரும் அவ்வளவு எட்டியதில்லை. முப்பத்தாறு வயதில்! என்னைக் கேட்டால், அந்தக் கைகள் முதலிலேயே மாட்டியிருக்க வேண்டும். பிறகு 1901, 1902-ல் அதே அணிக்கு மேலாளராக இருந்தார். 1943-ல் சான் டியேகோவில் காலமானார். பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் சேர 2000-ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

அதனால் பேரனுக்குக் கிளவுஸ் வாங்கிக் கொடு. பத்து வயதுக்கு 10½ அல்லது 11 அங்குலம் போதும். வளர்ந்தபின் ஆகும் என்று பெரிதாக வாங்காதே, பந்து உள்ளே தொலையும், எடுத்து எறியத் தாமதமாகும். வலது கையால் எறிகிறவன், ஆகவே இடது கைக்கு. கடையில் இதைச் சொல்லிக் கேள். புதுக் கிளவுஸ் தோலுக்கு எண்ணெய் துளி அளவு, பந்து விழும் குழியில் மட்டும். அதிகமானால் தோல் கனத்துத் தொய்ந்துவிடும். ராத்திரி பந்தை உள்ளே வைத்துக் கயிற்றால் கட்டிவிடு. அடுப்பு, ஹீட்டர் பக்கம் வைக்காதே.

வெறுங்கைப் பயிற்சியை விட்டுவிடவும் வேண்டாம். டென்னிஸ் பந்தை உருட்டிவிட்டு இரண்டு கையாலும் எடுக்கச் சொல். இடுப்புக்குக் கீழே வந்தால் விரல் தரையைப் பார்க்கணும், நெஞ்சுக்கு மேலே வந்தால் வானத்தை. விரல் பந்தைப் பார்த்து நீட்டி நின்றால் உடனே நிறுத்து.

அம்மா ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா