காயலான் கடையில் ஒரு ஹெரால்டு

டேய் சேகர்,

பேத்திக்கு மொட்டை போட்ட படம் பார்த்தேன், அப்படியே உங்க அம்மா சாயல். எனக்கு முட்டிவலி குறைந்தபாடில்லை, அதை விடு. வேறு ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன ஞாயிறு பழைய மின்விசிறியைப் போட வண்ணாரப்பேட்டை காயலான் கடைக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் உடைந்த குழாய், தாழ்ப்பாளுக்கு நடுவில் ஒரு குட்டிப் பொம்மைக் கார் கவிழ்ந்து கிடந்தது. அடிப்பக்கம் எச்சில் தொட்டுத் துடைத்தால் 'நிக்கி டாய்ஸ்' என்று எழுத்து, திருப்பினால் ஹெரால்டு! முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், "இது எவ்ளோண்ணே?" என்றேன். கையில் தூக்கிப் பார்த்தவர், "பித்தளையும் இல்ல, அலுமினியமும் இல்ல, அம்பது ரூபா குடு" என்றார். துத்தநாகக் கலவை என்று அவருக்கு நான் எதற்குப் பாடம் எடுக்க வேண்டும்? விசிறிக் காசில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்திருக்காது, நிக்கி உங்க கல்கத்தா சரக்குதான். இங்கிலாந்தில் டிங்கி என்ற பொம்மைக் கார் செய்துகொண்டிருந்த மெக்கானோ கம்பெனியின் பழைய அச்சுகள் 1960-களின் கடைசியில் அங்கே வந்து, அதே கார்கள் நிக்கி என்ற பெயரில் விற்றன. ஹெரால்டோ நம்ம ஊர் வண்டி, டிரையம்ப் ஹெரால்டைத்தானே 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்தார்கள். உன் பெரியப்பா வைத்திருந்தாரே, மழைக்காலத்தில் தள்ளிவிட நம்மைத்தானே கூப்பிடுவார்.

முனைகளில் பெயின்ட் போய் உலோகம் சாம்பலாகத் தெரிகிறது, டயர் கல்லாக இறுகிவிட்டது. உடம்பு துருப்பிடிக்காது, ஆனால் சக்கரக் கம்பி இரும்பாயிற்றே, நம்ம உப்புக்காத்து அதைச் சும்மா விடுமா? ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

பையன், "பெயின்ட் அடிச்சுடுப்பா, புதுசா இருக்கும்" என்கிறான். அடிக்க மாட்டேன். இரண்டு வருஷம் முன்னால் ஒருத்தன் 'அசல்' என்று சத்தியம் பண்ணி ஒரு மேட்ச்பாக்ஸ் பொம்மை லாரியைத் தலையில் கட்டினானே, நாலாயிரம் கொடுத்தேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அடித்தகட்டின் ரிவெட்டைத் துளைத்துக் கழற்றி, மறுபடி பசை போட்டு ஒட்டியிருக்கிறான், சக்கரக் கம்பி முனையில்கூடப் புதுப் பச்சை பெயின்ட். வண்டி பளபளவென்றுதான் இருந்தது, அலமாரியில் வைக்கத்தான் மனசு வரவில்லை. ஒரு பையன் தரையில் மோதி மோதி உரித்த பெயின்ட் என்றால் எனக்குச் சம்மதம்.

மேட்ச்பாக்ஸ் என்று ஏன் பேர் என்று கேட்டிருந்தாயே. அதைச் செய்த லெஸ்னி கம்பெனி ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைக்குத்தான் அனுமதியாம். மனுஷன் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து பெட்டியில் போட்டுக் கொடுத்தார், 1953-ல் அதுவே வியாபாரமாகிவிட்டது. உங்க அப்பா விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த தீப்பெட்டிகளை வைத்து நாம் ரயில்தான் விட்டோம், நமக்கு இது தோணவே இல்லை பார்! இப்போது விம்கோ நகருக்கு மெட்ரோ ரயிலே ஓடுகிறது.

சரி, அங்கே பழைய சாமான் கடைப் பக்கம் போனால் நிக்கி கண்ணில் படுகிறதா பார். வண்டி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, டயர் நாலும் இருந்தால் போதும். விலை கேட்கும்போது மட்டும் எனக்காக என்று சொல்லிப் பல்லை இளிக்காதே, பேரனுக்கு என்று சொல்.

உன்,
முருகன்