வயரை வெட்டாதீர்கள்: நெல்லைச் சீமை ஒர்க்‌ஷாப் அண்ணாச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிகளுக்கும், புதிதாக ட்யூனிங் வேலையில் இறங்கியிருக்கிற தம்பிகளுக்கும் வணக்கம். நானும் கார் வயரிங் வேலை பார்க்கிறவன்தான்.

ஓபிடி என்பது வண்டி தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் முறை, 1 பழைய தலைமுறை, 2 புதியது. ஓபிடி-2 வண்டியில் ஓபிடி-1 ஈசியூவை, அதாவது எஞ்சினை நடத்தும் பழைய கம்ப்யூட்டர் பெட்டியை, மாட்டித் தருவது பாளையங்கோட்டையில் இருந்து தென்காசி வரைக்கும் அங்கங்கே நடக்கிறது. பழைய ஹோண்டா வைத்திருப்பவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரியும். 1992 முதல் 95 வரை சிவிக்கில் வந்த பி28 ஈசியூவைத் திறந்தால் போர்டிலேயே காலி இடம் இருக்கிறது. அங்கே 28 கால் சாக்கெட், ஒரு 74எச்சி373 ஐசி, இரண்டு கெப்பாசிட்டர் வைத்துச் சால்டர் செய்து ஜே1 ஜம்பரை இணைத்துவிட்டால், 29சி256 மெமரி சிப்பில் நமக்கு வேண்டிய பெட்ரோல் அளவையும் இக்னிஷன் டைமிங்கையும் எழுதி ஓட்டலாம். பின்னால் வந்த ஓபிடி-2 ஈசியூவில் இவ்வளவு லேசாகக் கை வைக்க முடியாது. சரி.

இரண்டு ஈசியூவுக்கும் வயர் மாட்டும் கப்ளரே வேறு. அதற்கென்றே ஜம்பர் ஹார்னஸ் கிடைக்கிறது, ஒரு பக்கம் வண்டியின் கப்ளரில் மாட்டும், மறுபக்கம் பழைய ஈசியூவில் மாட்டும், வேண்டாம் என்றால் நாளைக்கே கழற்றிவிடலாம். அதை வாங்காமல், காசு மிச்சம் என்று ஒரிஜினல் கப்ளரை அறுத்துப் போட்டுவிட்டு வயரோடு வயரை முறுக்கி டேப் சுற்றிக் கொடுக்கிறார்களே, அதை நிறுத்துங்கள் என்றுதான் இந்த மடல். குற்றாலச் சாரலில் நனைந்த காலோடு ஏறி இறங்குகிற வண்டி. கார்ப்பெட்டுக்கடியில் ஈரம் நின்று அந்த முறுக்கில் பச்சை பூத்துவிட்டால், சென்சார் எர்த்தில் ரெசிஸ்டன்ஸ் ஏறி, ஈசியூவுக்குத் தப்பான வோல்டேஜ் போய், வண்டி ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் இழுக்காமலும் ஓடும். எந்தச் சென்சாரை மாற்றினாலும் தீராது.

அப்புறம் அடுத்த மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் வண்டி நிற்கிறது. ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட் அப்படியே இருக்கிறது, 16ஆம் பின்னில் பேட்டரி கரண்ட், 4ஆம் பின்னில் எர்த், ஸ்கேனரும் எரிகிறது, ஆனால் ஈசியூவிடம் இருந்து பதிலே வராது. உள்ளே இருப்பது பழைய ஈசியூ என்று அந்தப் பையனுக்கு யார் சொன்னது? அவன் ஃபியூஸையும் ஸ்கேனர் ஈசியூவோடு பேசும் 7ஆம் பின் வயரையும் தேடிக்கொண்டிருப்பான். தெரிந்திருந்தால் இரண்டு பின் சர்வீஸ் கப்ளரை ஷார்ட் செய்து, செக் எஞ்சின் லைட் சிமிட்டுவதை எண்ணியிருப்பான். ஒரு நீளச் சிமிட்டலுக்குப் பத்து, ஒரு குட்டிச் சிமிட்டலுக்கு ஒன்று என்று கூட்டினால் கோளாறு எண் வரும், 21 வந்தால் எஞ்சின் வால்வு திறப்பை மாற்றும் விடெக் சொலினாய்டில் கோளாறு.

வண்டிக்காரரிடமும் முழுசாகச் சொல்லுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை அந்த பி28 பார்ப்பதே இல்லை. ஒரு சிலிண்டர் மிஸ் அடித்து, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்தாலும், ஓபிடி-2 மாதிரி லைட்டைச் சிமிட்டி எச்சரிக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அது வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும். இதை மறைத்து வேலையை ஒப்புக்கொள்வது நியாயமே இல்லை.

2013 ஏப்ரலில் இங்கே ஓபிடி-2 கட்டாயமான பிறகு வந்த வண்டியைக் கொண்டுவந்தால், முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே மாற்றிக் கொடுத்த வண்டி சர்வீஸுக்கு வரும்போது, எந்த ஈசியூ, என்ன சிப், எந்தெந்த வயர் எதோடு சேர்ந்திருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி ஈசியூ மேலேயே ஒட்டுங்கள். முறுக்கி விட்ட இடங்களைச் சால்டர் செய்து ஸ்லீவ் போடுங்கள். கழற்றிய ஒரிஜினல் ஈசியூ கடை அலமாரியில் கிடந்தால் உரிமையாளரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு தலைமுறை ஹோண்டா ஈசியூவிலும் எந்தப் பின்னில் எந்த வயர் என்பதை தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்கிற எல்லோருக்கும் தருகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவன்